வரிசை ஆறு, எண் நாற்பத்தேழு

ஏசுபாதம் அண்ணன் விடியற்காலையில் இறந்துபோனார். எட்டரை மணிக்கு அவர் மகன் ஆபேல் சபை அலுவலகத்துக்கு வந்தான். நான் அப்போதுதான் பூட்டைத் திறந்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்சியக்கா, அப்பா போய்ட்டாரு" என்றான். தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். "நாலு மணிக்கு எடுக்கணும். அக்கா குழியிலயே வெக்கணும்னு அம்மா சொல்லுது. நீங்க சீட்டு போட்டுக் குடுத்தா எலியேசர் அண்ணன் இப்பவே தோண்ட ஆரம்பிச்சுடுவாரு."

அவனை உட்கார வைத்து, என் ஃபிளாஸ்க்கிலிருந்த காபியை ஊற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றவன் பிறகு ஒரே மூச்சில் குடித்தான்.

அவன் கேட்டது சலுகை இல்லை. எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது; வருடத்துக்கு வருடம் சுற்றிலும் வீடுகள் நெருக்கிக்கொண்டே வருகின்றன. ஆகவே பதினான்கு வருடம் கடந்துவிட்டால், அதே குடும்பத்தில் இன்னொருவரை அதே குழியில் அடக்கம் செய்யலாம் என்பது வழக்கம். அதற்கு அடக்கப் பதிவேட்டில் வரிசையும் எண்ணும் பார்த்து, நான் ஒரு சீட்டு எழுதி, ஆயர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆபேலின் அக்கா ஜாஸ்மின் காய்ச்சலில் போனது 2005இல். ஒன்பது வயது. இருபது வருடம் ஆகிவிட்டது.

குழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவர்களுக்குக் கல் வைக்க வசதி இல்லை. மரச்சிலுவை ஒன்று இருந்தது. அது மக்கிப் போயிற்று. வேலியோரத்து வேப்பமரத்தை அடையாளம் வைத்து ஆபேலின் அம்மா ஞானம்மாள் அக்கா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பூ வைப்பார். வர்தா புயலில் அந்த மரமும் சாய்ந்தது. அதன்பிறகு அவர் ஒரு உத்தேசத்தில்தான் பூ வைத்துக்கொண்டிருந்தார். அந்த உத்தேசத்தை நம்பி மண்வெட்டி போட முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் வேறு யாரோ.

பழைய பதிவேடு 2015 டிசம்பர் வெள்ளத்தோடு போயிற்று. அலுவலகத்துக்குள் தொடையளவு தண்ணீர். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்தவை புத்தகங்கள் அல்ல, கூழ். ஆனால் அதற்கு முன்பே, இரண்டு வருடம் மதிய நேரங்களில் உட்கார்ந்து, அத்தனை பெயர்களையும் நான் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அது மேசைமேல் உயரத்தில் இருந்ததால் தப்பித்தது.

பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கும் வயதாகி ஒருநாள் நின்றுவிட்டது. அதிலிருந்த பழைய தமிழ் எழுத்துருவும் பதிவேட்டு மென்பொருளும் புது இயந்திரங்கள் எதிலும் வேலை செய்யவில்லை. சபைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கேஷவ்தான் வழி கண்டுபிடித்தார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போய், மூன்று நாள் கழித்து ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உன் பழைய மெஷின் சாவலக்கா. இதுக்குள்ளதான் குந்திகினு கீது" என்றார் அன்றைக்கு.

எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அதன் திரைக்குள் ஒரு ஜன்னலாக என் பழைய கம்ப்யூட்டர் திறக்கும். அதே பச்சை மேடு, அதே நீல வானம், அதே மூலையில் அடக்கப் பதிவேடு. மெதுவாகத்தான் திறக்கும். ஒரு சிறு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம். கேஷவ் காசு வாங்க மாட்டேன் என்றார். "எங்க அம்மாவுக்கு ரத்தம் வேணும்னப்போ உங்க வாலிபர் சங்கத்துலேர்ந்து தான் வந்தாங்கோ" என்றதோடு பேச்சை முடித்துவிட்டார். ஆறு வருடமாக அந்தப் பென்டிரைவ் என் வீட்டுச் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

இந்த வருடம் மெர்வின் எங்கள் செயலர் ஆனார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர். நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் வருவார். வந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். என் பென்டிரைவில் இருந்த எல்லாவற்றையும் இணையத்தில் ஓடும் புதுப் பதிவேட்டுக்கு மாற்றினார். பென்டிரைவ் யாரும் செருகக்கூடாதென்று அந்தத் துளைகளை முடக்கிவைத்தார். நான் புதுப் பதிவேட்டில் பழைய வருடங்களைத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறை. இந்த வருடம் பழைய குழி கேட்டு அதுவரை யாரும் வரவில்லை.

'ஜாஸ்மின்' என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. 2005ஆம் வருடத்தைத் திறந்தேன். வரிசை வரிசையாகச் சதுரக் கட்டங்கள், கேள்விக்குறிகள், நடுநடுவே ஆங்கில எழுத்துகள். ஒரு பெயர்கூடப் பெயராக இல்லை.

"இன்னாக்கா இது?" என்றான் ஆபேல், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"இருப்பா" என்று மெர்வினுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க ஆன்ட்டி. மீட்டிங்ல இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"சிஸ்டத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு. படிக்க முடியலை. எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு."

"அது ஃபான்ட் இஷ்யூ. கம்ப்ளெயின்ட் போடுங்க, ரெண்டு மூணு நாள்ல பாத்துடுவாங்க."

"மெர்வின், ஆள் ஐஸ் பெட்டியில இருக்காரு."

"சாரி ஆன்ட்டி. ஆனா ரெக்கார்ட் இல்லாம பழைய குழியைத் திறக்க முடியாது. நாளைக்கு வேற குடும்பம் வந்து சண்டை போட்டா யாரு பதில் சொல்றது? கூடுவாஞ்சேரி தாண்டி புது இடம் வாங்கியிருக்கோமே, அங்க நீட்டா பண்ணிடலாம்."

அவர் சொன்னதில் பாதி நியாயம். வேறொருவர் குழியைத் திறந்துவிடக்கூடாதுதான். அதனால் பொறுமையாகவே கேட்டேன். "பழைய பதிவேடு பென்டிரைவ்ல என்கிட்ட இருக்கு. பத்தே நிமிஷம், அந்தத் துளையை மட்டும் திறந்துவிடுங்க."

"நோ சான்ஸ். கமிட்டி தீர்மானம் ஆன்ட்டி. நீங்களும் சைன் பண்ணியிருக்கீங்க."

பண்ணியிருந்தேன். மூன்று பக்கம் ஆங்கிலம். பிரியாணி வரும் நேரம் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள், நானும் அவசரப்பட்டேன்.

ஆபேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "கூடுவாஞ்சேரிக்கு அந்தாண்டயா?" என்றான். "அம்மா எப்படிக்கா போய்ட்டு வரும்? முட்டி வலியோட ரெண்டு பஸ்ஸு மாறணும். புள்ள ஒரு ஊருல, புருஷன் ஒரு ஊருல." அவன் குரல் உயர்ந்தது. "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இந்தக் காம்பவுண்டு சுவருக்கு சுண்ணாம்பு அடிச்சது எங்கப்பாக்கா. அப்போ யாரும் ரெக்கார்டு கேக்கலியே?"

"நீ வீட்டுக்குப் போ. அம்மா பக்கத்துல இரு. மத்தியானத்துக்குள்ள சீட்டு வரும்" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன்? சாவிக் கொத்தை நம்பித்தான்.

கேஷவ் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் ஆதார் நகல்கள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். பென்டிரைவைச் செருகினேன்.

காலி. ஒரு கோப்புகூட இல்லை.

எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். காலிதான்.

"அக்கா, இத்த யார்னா வாங்குனாங்களா?" என்றார் கேஷவ்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, வைரஸ் இருக்கிறதா பார்க்கிறேன் என்று மெர்வின் வாங்கிப்போனார். மாலையில் ஒரு வெள்ளை உறையில் போட்டு, மேலே என் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று நினைத்து அந்த உறையைக்கூட எறியாமல் வைத்திருக்கிறேன்.

திரும்பவும் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"ஆமா ஆன்ட்டி, ஃபார்மட் பண்ணிட்டுத்தான் குடுத்தேன். அதுல ஏதோ இருபது வருஷத்துக்கு மேல பழைய விண்டோஸ் ஓடிட்டிருந்தது. டேஞ்சர். டேட்டாதான் ஆல்ரெடி மைக்ரேட் ஆயிடுச்சே. ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு ரெக்கார்ட்ஸ், ஸீரோ எரர்."

"அதுல ஒரு பேரையாவது படிச்சுப் பாத்தீங்களா?"

"அது வந்து... ரிப்போர்ட்ல கிரீன் காட்டுச்சு."

"ஒரு பேரு, மெர்வின். உங்க தாத்தா பேரு அதுல இருக்கு. உங்க பெரியம்மா பேரு இருக்கு. எதையாவது ஒண்ணைப் படிச்சீங்களா?"

"ஆன்ட்டி, கத்தாதீங்க. நான் கான்ஃபரன்ஸ் ரூம் வாசல்ல நிக்கறேன்."

நான் கத்தியிருக்கிறேன். ஆதார் நகலுக்கு வந்திருந்த பெண்மணி ஓர் அடி தள்ளி நின்றார். இருபத்தொரு வருடத்தில் சபை ஆட்கள் யாரிடமும் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தியதற்கு இன்றுவரை வருத்தப்படவும் முடியவில்லை. கெட்டவர் செய்த கெடுதலாக இருந்தால் மனது ஆறியிருக்கும். இது அப்படியில்லை. மண்ணும் கண்ணீரும் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிய பெயர்களை, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பார்க்காமலே துடைத்துவிட்டு, உறையில் போட்டு, நன்றி எதிர்பார்த்து நின்ற சுத்தம் அது. அந்தச் சுத்தத்தின்மேல்தான் எனக்குக் கோபம்.

போனை வைத்தபோது கேஷவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா. ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லுங்க கேஷவ்."

"போன வருஷம் நீ இங்க வந்து பிரிண்டு எடுக்கறப்போ அது திறக்க எவ்ளோ நேரம் ஆச்சு, ஞாபகம் கீதா? நின்னுகினே இருந்த. கால் வலின்ன. பாக்கவே பேஜாரா இருந்துச்சு. அதான் அடுத்த வாட்டி சீக்கிரம் திறக்கட்டும்னு என் மெஷின்ல ஒரு காபி போட்டு வெச்சேன். உன்னைக் கேக்கல. கேக்காம வெச்சது தப்புதான்."

நான் அவரையே பார்த்தேன். கமிட்டித் தீர்மானப்படி அது பெரிய குற்றம். சபைப் பதிவுகள் வெளியாள் கம்ப்யூட்டரில்! ஆனால் என் கால் வலியை நினைத்து ஒரு மனிதர் செய்துவைத்த காரியம் இது. கர்த்தர் மெர்வின், கேஷவ் இரண்டு பேருடைய கைகளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எதை எந்தக் கணக்கில் எழுதுவார் என்று அவருக்கே விடுகிறேன்.

"திறங்க, கேஷவ்" என்றேன்.

பச்சை மேடு வந்தது. நீல வானம் வந்தது. ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பதிவேட்டைத் திறந்து, 'ஜாஸ்மின்' என்று தேடினேன்.

இல்லை.

மறுபடி தேடினேன். இல்லை. பெயர்கள் எல்லாம் பளிச்சென்று தமிழில் இருந்தன. ஜாஸ்மின் மட்டும் இல்லை. கேஷவ் என் முகத்தைப் பார்த்து, ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துவைத்தார்.

2005ஐத் திறந்து மாதம் மாதமாக இறங்கினேன். செப்டம்பரில் நின்றேன். 'ஏசுபாதம் மகள். வயது 9. வரிசை 6, எண் 47. கல் இல்லை.'

எழுதியது நான். திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு அங்கத்தினர் ஆகாத பிள்ளைகளைத் தகப்பன் பெயரில் மட்டும் எழுதுவதுதான் எங்கள் பதிவேட்டு வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன், கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஏற்றினேன். ஞாயிறு பள்ளியில் என் முன் வரிசையில் உட்கார்ந்து, வசனம் மறந்துபோனால் நாக்கைக் கடித்துக்கொள்ளும் பிள்ளை. அதன் பெயர் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. பிள்ளை பெயருக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை என்று எழுதாமல் விட்டேன். மெர்வினிடம் ஒரு பெயரையாவது படித்தீர்களா என்று கத்தியவள் நான்.

கோபம் தணியவில்லை. ஆனால் அதில் எனக்கும் ஒரு பங்கு பிரித்துக்கொண்டேன்.

அச்செடுத்துக்கொண்டு ஆயர் வீட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. வேதசிரோமணி ஐயா நல்லவர். யாரையும் நோகடிக்க மாட்டார். அதனாலேயே சில சமயம் எல்லோரும் நோவார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெர்வின் போன் பண்ணினாருமா. இது ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்த பிரிண்ட் இல்லையே? வெளிக் கடையில எடுத்ததை ஏத்துக்கிட்டா நாளைக்கு ஒரு பேச்சு வரும். சாயங்காலம் கமிட்டியில ரெண்டு பேரைக் கேட்டுக்கிட்டு..."

"சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் ஐயா."

"தெரியும்மா. அதான் கூடுவாஞ்சேரி இடத்தை ஒரு ஏற்பாடா..."

"ஐயா, இந்த எண்ணை எழுதினது நான். உங்களுக்கு முன்னாடி மூணு ஆயர் நான் எழுதின எண்ணை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு தடவைகூடத் தப்பான குழி திறக்கலை. இன்னைக்கு நான் பொய் எழுதிட்டு வந்திருக்கேன்னு நினைக்கிறீங்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா?"

"அப்ப யாருக்காகப் பயப்படறீங்க? நாலு மணிக்கு நீங்கதான் ஜெபம் பண்ணணும். ஞானம்மாள் அக்கா முகத்தைப் பாத்து, உங்க புள்ள இங்க இருக்கா, ஆனா உங்க புருஷனை அங்க வைக்கிறோம், ஏன்னா எங்க கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலைன்னு நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜினி அம்மா ஈரக்கையோடு வாசல்படிக்கு வந்து நின்றார். அலமாரியைத் திறந்து, சபை முத்திரைப் பெட்டியை எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐயா அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முத்திரையைக் கோணலாகக் குத்தினார்.

எலியேசர் அண்ணன் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். சீட்டைப் பார்த்ததும் தலையாட்டினார். கிழக்கு மூலைக் கல்லிலிருந்து கால் வைத்து அளந்து, நாற்பத்தேழில் நின்றார். ஞானம்மாள் அக்கா இத்தனை வருடம் பூ வைத்த இடத்துக்கு அது இரண்டு அடி தள்ளி இருந்தது. அவ்வளவுதான். ஒரு தாயின் உத்தேசத்தில் இரண்டே அடி பிழை.

தோண்டியபின் கிடைத்த சின்ன எலும்புகளை அவர் ஒரு புது வெள்ளைத் துணியில் கட்டி, குழியின் தலைமாட்டில் வைத்தார். அந்தத் துணியை யாரும் வாங்கித் தரச் சொல்லவில்லை. காலையில் சாவு செய்தி கேட்டதுமே சண்முகம் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்த் தன் கைக்காசில் வாங்கி வந்து வைத்திருந்தார். "சீட்டு எப்படியும் வரும்னு தெரியும்மா. அவுங்க குழிதானே?" என்றார்.

நாலரை மணிக்கு அடக்கம் முடிந்தது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது, ஞானம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"எப்சி, பொஸ்தகத்துல எம்புள்ள பேரு இருந்துச்சா? கண்டுபுடிச்சேன்னு ஆபேலு சொன்னான். ஜாஸ்மின்னு எழுதியிருந்துச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குக்கா" என்றேன்.

"போதும்மா" என்று என் கையை இரண்டு தடவை தட்டிவிட்டு, ஆபேலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் நின்று பொய் சொல்லியிருக்கிறேன். வாசலைத் தாண்டும்போதே போன் சத்தம் போட்டது. சபை வாட்ஸ்அப் குழுவில் மெர்வின் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: பதிவு சரிபார்க்க முடியாத நிலையிலும், மனிதாபிமான அடிப்படையில், இன்று ஒரு பழைய கல்லறையைத் திறக்கச் சிறப்பு அனுமதி அளிக்கப்பட்டது. கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

சிறப்பு அனுமதியாம்! மனிதாபிமானமாம்! அவர்கள் பிள்ளையின் குழியை அவர்களுக்கே தர்மம் போட்டதாக ஊருக்குச் சொல்கிறார். நடுத்தெருவில் நின்று நாலு வரி அடித்தேன். அடித்ததை அழித்தேன். நேராகக் கேஷவ் கடைக்குப் போனேன்.

அவர் நாற்காலியைத் தள்ளினார். பச்சை மேடு வந்தது. செப்டம்பர் 2005. 'ஏசுபாதம் மகள்' என்பதற்கு முன்னால் சுட்டியை வைத்து, எழுத்து எழுத்தாக அடித்தேன். 'ஜாஸ்மின்.' சேமித்தேன். அதற்குக் கீழே ஒரு புது வரி: ஏசுபாதம், வயது 61, வரிசை 6, எண் 47, மகளுடன்.

என் பொய்க்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயுள் இருக்கவில்லை. அதற்காவது மன்னிப்பு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

"ரெண்டு காபி போட்டுத் தர்றேன்க்கா. ஒண்ணு ஐயா வீட்டு அலமாரில வெச்சுக்க" என்று கேஷவ் புதுப் பென்டிரைவ் ஒன்றைப் பிரித்தார். நான் திரையைப் போனில் படம் எடுத்தேன். இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அதைச் சபைக் குழுவில், மெர்வினின் செய்திக்கு நேர் கீழே போட்டேன்.

கேஷவ் எட்டிப் பார்த்தார். "கூட எதுனா எழுதேன்க்கா. நல்லா நறுக்குனு."

"வேணாம் கேஷவ்" என்றேன். "படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்."